அரைப்பேர் ஆட்டக்காரன்

எங்கள் எஸ்டேட்டில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் வந்து நின்று, மாலைச் சங்கு ஊதும்வரை தேயிலைக் காட்டில் இருந்தவருக்கு ஒரு பேர். மதியச் சங்கோடு லயத்து வீட்டுக்குத் திரும்பியவருக்கு அரைப்பேர். இரண்டு அரைப்பேர் சேர்ந்தால் ஒரு முழுப்பேர். சூரியநெல்லிக்கு அப்பால் ஒரு டிவிஷன் ஆபீசில் ரைட்டராக இருந்த எனக்கு, எழுபதுகளின் பெரும்பகுதி இந்தப் பேர்களை எழுதுவதில்தான் கழிந்தது. நான் கிழக்குப் பாலக்காட்டுக்காரன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலையும் கரும்பும் போடுகிற குடும்பம். மலைக்கு வந்த ஒரு வருடத்தில் இந்தக் கணக்கு எனக்குள் எவ்வளவு ஊறியது என்றால், தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்த ஒரு நாள், "இன்னைக்கு அரைப்பேர்தான்" என்று மனைவியிடம் சொன்னேன். "மீதி அரைப்பேரைப் பொழுதோட வந்து சாப்புடுங்க, அதே தோசைதான் இருக்கும்" என்றாள் அவள். அப்படியேதான் இருந்தது.

மலையில் அப்போது எஸ்டேட்டுகளுக்குள் ஹாக்கிப் போட்டி நடக்கும். மழை முழுவதுமாக ஓய்ந்து, காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற மாதங்கள்தான் அதற்கு. வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஆரம்பித்துவைத்த போட்டி. அவர் ஊருக்குக் கப்பலேறிப் பல வருடங்கள் ஆகியும், தட்டச்சில் அடித்துவைத்துப் போன விதிகள் எழுத்து மாறாமல் இருந்தன. அதில் முக்கியமான விதி பதினாறு பேர் என்பது. ஓர் எஸ்டேட் பதினாறு ஆட்டக்காரர்களைத்தான் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த அளவுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். முன்பெல்லாம் எஸ்டேட்டுகள் போட்டி போட்டுக்கொண்டு ஆட்டக்காரர்களாகப் பொறுக்கி வேலைக்கு எடுத்தனவாம். பெரட்டில் வரிசையாக நிற்பார்கள். ஆனால் பந்து செடிக்குள் போய் விழுந்தால் ஒழியத் தேயிலைப் பக்கமே போக மாட்டார்கள். பட்டியலில் இருப்பவருக்குப் பயிற்சி நாளில் மதியமே விடுதலை, இருந்தும் முழுப்பேர். எனவே எல்லோரும் ஹாக்கிக்காரர்களாகிவிட்டால் கொழுந்து யார் எடுப்பது என்று யோசித்துத் துரை ஓர் எல்லை போட்டிருக்கிறார்.

இளையவர்களுக்குத் தனி விதி. பதினெட்டு வயது நிரம்பாதவன் பட்டியலுக்கு வெளியே நின்றபடியே ஆடலாம். பதினாறில் அவன் சேர மாட்டான். மூத்தவர் ஒருவரை நீக்காமல் புதியவனை ஆடவிட்டுப் பார்ப்பதற்காகச் செய்த வசதி இது. ஆனால் அந்த வசதி மூன்றாவது ஆட்டம் வரைக்கும்தான். மூன்றாவது ஆட்டம் ஆடிவிட்டால் அவன் பட்டியலுக்குள் வந்தாக வேண்டும். அவனுக்காக ஒருவர் வெளியே போக வேண்டும். அன்றிலிருந்து மூன்று வருடம் அவன் அந்த எஸ்டேட்டுக்குக் கட்டுப்பட்டவன், வேறு எந்த அணிக்கும் ஆடக் கூடாது.

எனக்கு மட்டை பிடிக்கத் தெரியாது. கையெழுத்து ஒழுங்காக இருந்ததால் எஸ்டேட் மேனேஜரான பெரிய துரை என்னை அணியின் செயலாளராக்கினார்.

எங்கள் கேப்டன் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நடு ஆட்டக்காரர். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. ஓட்டம் குறைந்துவிட்டாலும், பந்து எங்கே வரும் என்று பார்த்து அங்கே முன்னாலேயே போய் நின்றுகொள்வார். அவர் குனிந்து நிமிரும்போது முழங்கால் சொடுக்கும் சத்தம் எல்லைக்கோடு வரை கேட்கும். "ரோலருக்குப் போடுற எண்ணெயில மிச்சமிருந்தா கால்லயும் ரெண்டு சொட்டு விடுமய்யா" என்று ஜனங்கள் கத்துவார்கள். அவர் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பி நின்று பதில் சொல்வார். பதில் சொல்கிற நேரத்தில் ஒரு முறை கோல் விழுந்திருக்கிறது.

நான் சொல்ல வந்த பையன் மருந்து அடிக்கிற கூட்டத்தில் வேலை செய்தான். பதினேழு வயது. முதுகில் மருந்து டின்னைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறி இறங்கிய கால்கள். அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கூட்டத்தில் இருந்தார், அதிகம் பேச மாட்டார், பேசுகிற வேலையை மனைவியிடம் ஒப்படைத்திருந்தார். பையனுக்கு இடது கைப் பழக்கம். லயத்து வாசலில் காப்பிக் கம்பை வைத்து ஆடிப் பழகியவன். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. அது வலது கைக்காரர்களுக்கு வாட்டமான பக்கம். மறுபக்கம் உருண்டை, அதில் பந்து பட்டால் தப்பாட்டம். இவன் முதலில் எல்லாப் பந்தையும் உருண்டைப் பக்கத்தால் அடித்தான். "ஏலே பீச்சாங்கை, மட்டையத் திருப்புலே!" என்று சிரித்தார்கள். அவன் கையை மாற்றவில்லை, மட்டையைத் திருப்பினான். மற்றவர்கள் மட்டையைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டுத் தடுமாறி அடிக்கிற அடி, அவனுக்குச் சோறு பிசைவதுபோல இயல்பாக வந்தது. தடுக்க நிற்பவர் அவனுடைய வலப்பக்கத்தைப் பார்த்துக் காத்திருப்பார். பந்து இடப்பக்கமாகப் போய்விட்டிருக்கும்.

பட்டியலில் அவன் இல்லை என்பதால் பயிற்சிக்கு மதியமே இறங்கினால் அவனுக்கு அரைப்பேர்தான். நான்தான் எழுத வேண்டும். அவன் அம்மா கொழுந்துக் கூடையோடு ஆபீஸ் ஜன்னலுக்கு வந்துவிடுவார்.

"என்ன ரைட்டரய்யா, கெழட்டுப் பயலுக பந்தடிக்கப் போனா முழுப்பேரு, எம்மவன் போனா அரைப்பேரா? அவன் என்ன அரைக்காலோடவா ஓடுதான்?"

"விதி அப்படிம்மா."

"விதின்னா தலையில எழுதுததுல்லா? நீங்க பேப்பர்ல எழுதுதீக."

அவர் போன பிறகு ஆபீசில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

அந்த வருடப் போட்டியில் அவனை எப்படி ஆடவைப்பது என்று கேப்டன் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் பாதியில் உட்காரவைத்துவிட்டு, எதிரணி களைத்த பிறகு இரண்டாம் பாதியில் மட்டும் இறக்குவது. ஆட்டத்துக்கும் லாபம், கணக்குக்கும் லாபம் என்றார்.

"முழுசா ஆடினாத்தானே ஒரு ஆட்டம்? பாதி ஆடினா அரைப்பேருதானே? ரெண்டு அரைக்கு ஒரு முழு. சீசன் பூராவும் வச்சு ஆட்டலாம், மூணு வராது."

அதைக் கேட்டு யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அது சரியாகவே பட்டது. மலையில் யாரிடம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். முதல் ஆட்டத்தில் இரண்டாம் பாதி. அடுத்ததில் இரண்டாம் பாதி. அரை இறுதியிலும் இரண்டாம் பாதி. என் கணக்கில் அவன் ஆடியது ஒன்றரை ஆட்டம். அரை இறுதியில் இரண்டு கோல் அவனுடையது.

அன்று திடலின் ஓரத்தில் கழுத்தில் மப்ளர் சுற்றி, வெயிலிலும் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, செயலாளருங்க நீங்கதானுங்களா?"

அந்த 'ஏனுங்க' காதில் விழுந்ததும் எனக்குப் பாதி மலை இறங்கிவிட்டதுபோல இருந்தது. எந்த ஊர் என்று அவர் கேட்க, நான் சொல்ல, எங்கள் ஊர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவருடைய மாமனார் வீடு என்று தெரிந்தது. பிறகு அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் இருக்க முடியுமா? என் மனைவி காப்பி கொடுத்துவிட்டு, ஊர்ப் பேச்சுக் கேட்பதற்காகவே கதவோரம் நின்றுகொண்டாள்.

அவர் கோயம்புத்தூர்ச் சாலையில் ஒரு மில்லின் ஹாக்கி அணிக்குப் பொறுப்பாளர். "எங்குளுக்கும் அளவு இருக்குதுங்க" என்றார். "வருசத்துக்கு மூணு வெளிப்பசங்களத்தான் ஒப்பந்தத்துல எடுக்கலாம். ரெண்டு எடம் ரொம்பிப்போச்சு. மூணாவது எடத்துக்குத்தான் மலை மலையா ஏறீட்டிருக்கறனுங்க. இந்தப் பையனக் குடுங்க. மூணு வருசம் ஒப்பந்தம், மில்லுல வேல, தங்க எடம். நல்லா ஆடுனா வேல நெலச்சிரும்."

என் மனைவி கதவோரத்திலிருந்து, "நல்ல சேதிங்க" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணுங்க. வேற எடத்துல பேரு கட்டுப்பட்டிருக்கக் கூடாது. கட்டுப்பட்ட பையன எடுத்தா எங்குளுக்குத் தகராறு. எத்தன மேட்ச் ஆடியிருக்கறான்?"

"ஒன்றரை" என்றேன்.

அவர் காப்பி டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேட்ச்சுல ஏதுங்க அரை?"

நான் விளக்கினேன். மதியச் சங்கு, அரைப்பேர், இரண்டாம் பாதி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்கே கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, கண்ணாலத்துக்குப் போயிப் பந்தியில பாதியில எந்திரிச்சா, கண்ணாலத்துக்கே வரலைன்னு ஆயிருமுங்களா?" என்றார்.

விதித்தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஆட்டங்களில் 'கலந்துகொண்டவர்' என்று இருந்தது. எவ்வளவு நேரம் என்று எங்கும் இல்லை. துரைக்கு அரைப்பேர் தெரியாமல் இருந்திருக்காது. திடலுக்குள்ளும் அது வரும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. இந்தத் தாளின்படி பையன் மூன்று ஆட்டம் ஆடிவிட்டான். மூன்று வருடம் எங்களுக்குக் கட்டுப்பட்டவன்.

"கமிட்டி கூடி, அவன் கட்டுப்படலைன்னு சொல்லீட்டா எனக்குப் போதுமுங்க" என்றார் மில்காரர். "பைனல் வரைக்கும் இங்கதான் இருப்பேன். அதுக்கு மேல அந்த எடத்த வேற பையனுக்குக் குடுத்தாகோணும்."

மறுநாள் மாலை தொழிற்சாலைக்குப் பின்னால் பையனையும் அவன் அம்மாவையும் கேப்டனையும் வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். பையன் தலையைக் குனிந்தபடி மருந்து படிந்த நகத்தைக் கீறிக்கொண்டிருந்தான். மில்லில் திடல் சமமாக இருக்குமா என்று மட்டும் கேட்டான். மேசைபோல இருக்குமாம் என்றேன். அவன் பிறந்ததிலிருந்து சமமான திடலைப் பார்த்ததில்லை. எங்கள் திடலில் ஒரு பாதி மேடு. அந்தப் பக்கம் அடித்தால் பந்து கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வரும்.

கேப்டனின் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. "அப்போ தம்பி மூணு வருசம் நம்மகிட்டயேதானா?"

"ஓமக்கு மட்டும் சிரிப்பாணி வருதோ?" என்று பாய்ந்தார் பையனின் அம்மா. "நாங்க ரெண்டு பேரும் வேலைய விட்டு நின்னா அன்னைக்கே லயத்து வீட்டக் காலி பண்ணணும். இவனுக்கு இங்க இன்னும் நெரந்தரம் இல்ல. அங்க கூப்பிட்டு வேலை குடுக்காக. ஒம்ம பந்து வெளாட்டுக்கு எம்மவன் மருந்து டின்னச் சொமக்கணுமா?"

"நெரந்தரமாக்கச் சொல்லிப் பெரிய தொரைகிட்ட நான் பேசுதேன் மதினி. பட்டியல்ல எடமில்லைன்னுதானே? எம்பேர வெட்டுங்க ரைட்டரய்யா. தம்பி பேர அங்க எழுதுங்க. முட்டிக்கும் நல்லதுதான்."

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பட்டியலில் இருந்து போவது என்றால் கேப்டன் பதவியும் மதிய விடுதலையும் போவது. அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒம்ம பேர வெட்டித்தான் எம்மவன் வாழணுமாக்கும்! பேசாம இரும்" என்றார், கொஞ்சம் மெதுவாக.

பையன் நிமிர்ந்து, "நான் மில்லுக்குப் போறேண்ணே" என்றான். கேப்டன் தலையாட்டினார். பிறகு எதையோ தேடுவதுபோலத் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "சரி. கமிட்டியில கேப்போம்" என்றார்.

கமிட்டி என்பது எஸ்டேட் செயலாளர்கள் நான்கு பேர். இறுதி ஆட்டத்தில் எங்களோடு மோத இருந்த பக்கத்து எஸ்டேட்டின் தலைமை கிளார்க்தான் அந்த வருடம் தலைவர். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்தில் பிறந்தவர், மூக்குப்பொடிக்காரர், விதியை எழுத்தெழுத்தாகப் பிடிப்பவர். முந்தின வருடம் எங்கள் கோல்காரரின் கால் கவசம் ஓர் அங்குலம் அகலம் கூடுதல் என்று அளவுகோல் கொண்டுவந்து நிரூபித்தவர். போதாததற்கு எதிரணியின் செயலாளரும் அவர்தான். அவரிடம் போய்ப் பாதி ஆட்டம், அரைப்பேர் என்று சொன்னால் என்ன ஆகும்? மில் வேலை போனது என்றே நினைத்துக்கொண்டு அவர்கள் எஸ்டேட்டின் கிளப் அறைக்குள் நுழைந்தேன். கேப்டனும் கூட வந்தார்.

நான் எதையும் மறைக்காமல் வரிசையாகச் சொன்னேன். மூன்று ஆட்டத்திலும் பாதிப் பாதி. எங்கள் கணக்கில் ஒன்றரை. தாளில் 'கலந்துகொண்டவர்' என்று இருக்கிறது. பையனுக்கு ஒரு மில்லில் இடம் காத்திருக்கிறது.

தலைவர் பொடியை உறிஞ்சிக் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, "இதிலென்ன ஓய் சந்தேகம்? ஒன்றரையாக்கும்" என்றார்.

எனக்குத் தவறாகக் கேட்டதோ என்று தோன்றியது.

"கேட்டேளா எல்லாரும்? இந்த மலையிலே பாதி நாள் வேலை செஞ்சவனுக்கு நாம முழுப்பேர் போடறோமோ? இல்லையே. வேலைக்கு ஒரு நியாயம், ஆட்டத்துக்கு ஒரு நியாயமா? அரைன்னா அரைதான். பையன் கட்டுப்படலை. தாராளமா மில்லுக்குப் போகட்டும். நன்னா இருக்கட்டும்."

மற்ற இரண்டு செயலாளர்களும் ஆமாம் என்றார்கள். அவர்களும் தினமும் அரைப்பேர் எழுதுகிறவர்கள்தானே. தலைவரின் தயாளத்துக்குக் காரணம் புரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. பையன் எங்களுக்குக் கட்டுப்பட்டால் மூன்று வருடம் அவர்களுடைய கோலுக்குள் பந்து போய்க்கொண்டே இருக்கும். மலையை விட்டே போய்விட்டால் அவருக்கு நிம்மதி.

எல்லோரும் எழுந்திருக்கப் போகையில், அதுவரை பேசாமல் இருந்த கேப்டன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே கேட்டார்: "சாமி, அப்போ பைனல்ல தம்பி முழுசா ஆடலாம்லா? ஒன்னரையும் ஒன்னும் ரெண்டரை. மூணு ஆகலியே?"

பொடி வைத்திருந்த விரல் மூக்குக்குப் போகாமல் நடுவழியில் நின்றது. தலைவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார்.

"ரெண்டரைதான்" என்றார் கடைசியில். "நீர் ஃபிட்டரா இருக்க வேண்டியவரே இல்லை ஓய். வக்கீலாப் போயிருக்கணும்."

இறுதி ஆட்டம் மூணாறில், ஜெயித்தவருக்கு ஷீல்டு. சனங்களைக் கொழுந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். பின்னாலேயே பக்கத்து எஸ்டேட்டின் லாரி. வழியில் இரண்டு லாரிகளும் வளைவுகளில் ஒன்றை ஒன்று நெருங்கும்போதெல்லாம் ஏச்சும் பாட்டும் பறந்தன. பையனின் அம்மா எங்கள் லாரியின் முன்பக்கம் நின்றிருந்தார். அந்த லாரிக்காரர்கள் எதையோ கத்தினால், எங்கள் பக்கத்துப் பதில் அவரிடமிருந்துதான் போகும். அவர் சொன்னவற்றை அன்றிரவு என் நாட்குறிப்பில் நான் எழுதவில்லை. நினைவிருக்கிறது, இருந்தாலும் இங்கேயும் எழுதப்போவதில்லை.

மில்காரர் குடையும் மப்ளருமாக எங்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். கமிட்டியின் முடிவைத் தலைவரே அவரிடம் நேரில் சொல்லியிருந்தார். ஆட்டம் முடிந்ததும் பையனிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு.

முதன்முதலாக அன்று அவன் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து ஆடினான். முதல் பாதியில் ஒரு கோல் போட்டான். இடப்பக்கமாகத் திரும்பிக் கவிழ்த்த மட்டையால் தட்டியது. கோல்காரர் எதிர்த் திசையில் விழுந்து கிடந்தார். இரண்டாம் பாதியில் மூடுபனி இறங்கியது. அவர்கள் ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். நேரம் முடிந்தபோது இரு பக்கமும் ஒவ்வொரு கோல். நடுவர் கூடுதல் நேரம் என்று அறிவித்தார்.

இதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. கூடுதல் நேரம் அதே ஆட்டத்தில் சேருமா, தனியாக அரைப்பேர் ஆகுமா? அரைப்பேர் என்றால் இரண்டரை போய் மூன்று, பையன் கட்டுப்பட்டுவிடுவான். பனிக்குள்ளிருந்து சனங்கள் கத்த ஆரம்பித்தார்கள். "அது கைக்காசு! பேர்ல சேராது!" என்றார் ஒருவர். சங்குக்குப் பிறகு எடுக்கிற கொழுந்துக்குக் கையில் தருவது கைக்காசு; அதற்குப் பேர் கிடையாது. "நேரம்னா நேரம்தாம்லே, அரைப்பேரு விழும்!" என்றது இன்னொரு குரல். எதிர்ப்பக்கம் தலைவர் எழுந்து நிற்பது தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கேப்டன் நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "என்ன சொல்லுதீக ரைட்டரய்யா?"

"கமிட்டியில் இதைப் பேசவில்லை. தாளிலும் இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால் நம்மிடம் பதில் இல்லை."

அவர் மில்காரரைப் பார்த்தார். மில்காரர் குடைக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கேப்டன் திரும்பிக் கையைத் தூக்கிப் பையனை அழைத்தார். "வெளிய வாலே."

"அண்ணே, கொஞ்ச நேரந்தாண்ணே. ஒன்னு போட்டுருதேன். அவங்க ஃபுல் பேக் தளந்து போய்ட்டாண்ணே."

"தெரியும். வா."

"அண்ணே, ஷீல்டுண்ணே!"

"ஷீல்டு அடுத்த வருசமும் வரும்லே. இந்தக் குடைக்காரரு வர மாட்டாரு. போ, போயி அவரு பக்கத்துல உக்காரு. மட்டைய எங்கிட்டக் குடு. கையில இருந்தா திரும்ப ஓடி வந்துருவ."

வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போக முடியாது. அவனுக்குப் பதிலாக இறங்கியவர் ஸ்டோர் வேலைக்காரர். நல்ல மனிதர், பந்தைக் கண்டால் விலகி வழிவிடுகிற அளவுக்கு. பையன் மில்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையின் கழுத்தைக் கடித்துக்கொண்டு அழுதான். மில்காரர் அவன் தலைக்கு மேல் குடையை நகர்த்திப் பிடித்தார்.

கூடுதல் நேரத்தின் கடைசிக் கட்டத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். கேப்டன் பந்து வரும் இடத்தில் சரியாகத்தான் போய் நின்றிருந்தார். முழங்கால்தான் மடங்கவில்லை.

ஷீல்டு கைமாறிய பிறகு தலைவர் எங்களிடம் வந்தார். "பையனை ஏன் ஓய் எடுத்தேள்? நான் ஆட்சேபம் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே" என்றார்.

"சொல்லியிருக்க மாட்டீக சாமி" என்றார் கேப்டன். "ஷீல்டக் கையில வச்சுக்கிட்டுச் சொல்லியிருக்க மாட்டீக. அது இல்லாம வீட்டுக்குப் போயிருந்தா, ராத்திரி ஒரு சிட்டிகைப் பொடி போட்ட ஒடனே ஞாபகம் வந்துருக்கும்."

தலைவர் ஒரு கணம் கோபப்படலாமா என்று பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "வந்திருக்கும். நிச்சயமா வந்திருக்குமாக்கும்" என்றார். பொடி டப்பியைத் திறந்து கேப்டனிடம் நீட்டினார். கேப்டன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொடி போட்டுத் தொடர்ந்து தும்மினார்.

பெஞ்சின் மேலேயே ஒப்பந்தத்தில் பையன் கையெழுத்துப் போட்டான், இடது கையால். அவன் அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று அவர் பேசிய ஒரே வார்த்தையாக "சந்தோசம்" என்றார்.

திரும்பும் லாரியில் யாரும் பாடவில்லை. பூப்பாறைத் திருப்பம் வரை பொறுத்திருந்த பையனின் அம்மா அதற்கு மேல் தாங்காமல் கேப்டனைப் பிடித்துக்கொண்டார். "ஒமக்கு அறிவிருக்கா? எதுக்குய்யா எம்மவன வெளிய எடுத்தீரு?"

கேப்டன் திகைத்துப்போனார். "ஒங்க மவன் வேலைக்காகத்தான் மதினி! நீங்கதானே அன்னைக்கு..."

"வேலை சரி. அதுக்காக அந்தப் பொடிமட்டைக்காரன்கிட்டத் தோத்துட்டு வரணுமா? நாளைக்குக் கொழுந்துக் காட்டுல எல்லைக்கு அந்தப் பக்கம் அவளுக நிப்பாளுக. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூடைய மாட்டுவேன்?"

லாரியில் முதல் சிரிப்பு அப்போதுதான் எழுந்தது. கேப்டன் என்னைப் பார்த்தார், நியாயம் கேட்பவர்போல. நான் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டேன்.

அவன் புறப்பட்ட நாளன்று உடுமலைப்பேட்டை வழியாக மில்காரரோடு போவதாக ஏற்பாடு. ஜீப் மதியத்துக்கு மேல்தான். காலைப் பெரட்டில் நான் பேர் கூப்பிட்டுக்கொண்டு வரும்போது, மருந்து டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசையில் அவன் நின்றிருந்தான்.

"இன்னைக்குமா?" என்றேன்.

"அம்மாதான் அனுப்பிட்டு. ஜீப்பு மத்தியானம்தானே, அதுவரைக்கும் லயத்துல சும்மா குத்த வச்சு என்ன பண்ணப்போறன்னுட்டு."

மில்காரர் என் வீட்டில் பெட்டியோடு உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட ஆட்டக்காரனுங்க! கால்கீல் பிசகீட்டா என்னங்க பண்றது?" என்று புலம்பினார். என் மனைவி அவருக்கு இன்னொரு காப்பி கொடுத்து, "அவிங்கம்மாகிட்டப் போயி நீங்களே சொல்லுங்க" என்றாள். அவர் போகவில்லை.

மதியச் சங்கு ஊதியதும் சரிவிலிருந்து ஓடி வந்தான். குழாயடியில் கைகால் கழுவினான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது காதுக்குப் பின்னால் மருந்து நீலம் அப்படியே இருந்தது. அவன் அம்மா கூடையை இறக்காமலேயே வந்து அதை எச்சில் தொட்டு அழுத்தித் துடைத்தார். கேப்டன் தொழிற்சாலையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து, மட்டையைத் துணிப்பையோடு சேர்த்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொடுத்தார். கட்டியதைப் பிரித்துவிட்டு மறுபடியும் கட்டினார்.

ஜீப் கிளம்பி வளைவில் மறைந்தது. அந்த அம்மா என் ஜன்னலுக்கு வந்தார்.

"எழுதிட்டீகளா ரைட்டரய்யா?"

"அரைப்பேர் எழுதிவிட்டேன்."

"மத்தியானச் சங்கு ஊதி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கையக் கழுவினான். நான் பாத்தேன்" என்றார். சற்று நின்றார். நான் பேனாவைத் திறக்கவில்லை என்று உறுதியானதும், கூடையைத் தூக்கி நெற்றிப் பட்டையைச் சரிசெய்துகொண்டு எல்லைக்காட்டை நோக்கி நடந்தார். அங்கே வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து எஸ்டேட் பெண்கள் காத்திருந்தார்கள். அவர் ஏதோ சத்தமாகச் சொல்வது ஆபீஸ்வரை கேட்டது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் சிரிப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது.